ஜெலிஸ் போட்ட கைகள்

எங்கள் ஹார்லெம் நகரில் உருவப்பட ஓவியர் ஆர்னவுட்டின் பட்டறையில் முகம் முதலாளியுடையது, கைகள் ஜெலிஸுடையவை. கையுறையைப் பற்றிய கை, வேதப்புத்தகத்தின் மேல் தளர்ந்து கிடக்கும் கை என்று ஊரின் பெரிய மனிதர்கள் எல்லோருக்கும் விரல் தந்தவர் அவர்தாம். படத்தின் மூலையில் ஆர்னவுட் என்ற பெயர் மட்டுமே இருக்கும். ஒரு கூரையின்கீழ்த் தீட்டியவை யாவும் அக்கூரைக்கு உரியவரின் படைப்பு என்பது ஓவியர் சங்கத்தின் விதி.

தலை நரைக்கத் தொடங்கியபோது, தம் பெயரிலேயே தீட்ட வேண்டும் என்ற ஆசை ஜெலிஸுக்கு வந்தது. அதற்குச் சங்கம் அவரைத் தனி ஓவியராக ஏற்க வேண்டும். மனைவி மெக்டெல்ட் பட்டாணி உரிப்பதைத் தீட்டிச் சங்கக் கூடத்துக்கு எடுத்துச் சென்றார்.

தலைவர் ஹூபெர்ட் அதைப் பார்த்தார். பிறகு, சுவரில் மாட்டியிருந்த ஆர்னவுட்டின் பழைய படத்தைப் பார்த்தார்.

"ஏம்பா, பொண்டாட்டி உன்னோடவதான். கை மட்டும் ஆர்னவுட்டோடதா இருக்கே? கெஞ்சிக் கூத்தாடி அவர்கிட்டயே போட்டு வாங்கிட்டியா?"

கூடமே சிரித்தது. ஜெலிஸுக்குப் பொறுக்கவில்லை.

"சுவத்துல இருக்கற அந்தக் கையே நான் போட்டதுதாங்கய்யா!"

சிரிப்பு நின்றது. முதலாளியின் படைப்பில் உரிமை கொண்டாடியவருக்கு எந்த ஊர்ச் சங்கமும் கதவு திறப்பதில்லை. மூலையில் அமர்ந்திருந்த ஆர்னவுட், மடியிலிருந்த தொப்பியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஹூபெர்ட் கெட்டவர் அல்லர். எழுந்து வந்து, ஜெலிஸின் காதருகே குனிந்தார்.

"வாய விட்டுட்டியேடா! அது ஆர்னவுட் போட்ட கை, நான் அதப் பாத்துக் கத்துக்கிட்டவன்னு சொல்லு. எல்லாருக்கும் கேக்கறாப்பல சொல்லு. இப்பவே உன்னச் சேத்துக்கறேன்."

"சொல்லலன்னா?"

"சாகற வரைக்கும் அவருக்குத்தான் விரல் போடணும். அதுவும் அவரு வெச்சுக்கிட்டாத்தான்."

ஜெலிஸ் சுவரிலிருந்த அந்தக் கையை ஒருமுறை பார்த்தார். பிறகு, கூடம் கேட்க அப்படியே சொன்னார்.

தனிப் பட்டறையும் பெயர்ப்பலகையும் வந்தன. முதலில் படி ஏறியவர் ஒரு துணி வணிகரின் மனைவி.

"ஆர்னவுட்டுக்கு வயசாயிடுச்சு, பாவம். இப்பல்லாம் அவர் போடற கை முள்ளங்கிக் கத்தையாட்டம் இருக்கு. ஆனா ஒரு காலத்துல எப்படிப் போட்டாரு! எங்க மாமனார் படத்துல நரம்பு துடிக்கறது தெரியும். நீங்க அவரப் பாத்துப் போடறவர்னு ஊர்ல சொல்லிக்கறாங்க. இருக்கட்டுமே. அந்த அளவுக்கு வருமா உங்களுக்கு?"

உள்ளே மெக்டெல்ட்டின் துடைப்பம் நின்றது. கூடத்தில் சொன்னதை இங்கே மாற்றிச் சொன்னால் பலகையைக் கழற்ற வேண்டியதுதான்.

"முயற்சி பண்றேம்மா," என்றார் ஜெலிஸ். "கைய மடியில வெச்சுக்குங்க."