யார் யார் பார்க்கலாம்

வலது கை மௌஸின் மேல் இருந்தது. இடது கை ஒரு பிளாஸ்டிக் அளவுகோலைக் கணினித் திரையில் கிடையாக அழுத்திப் பிடித்திருந்தது. அளவுகோலுக்கு மேலே தெரிகிற வரிதான் இப்போதைய வேலை. அந்த வரியின் கட்டத்தில் டிக் விழுந்ததும் இடது கை அளவுகோலை ஒரு வரி கீழே இறக்கும். நீளமான பட்டியலில் கண் கொஞ்சம் சறுக்கினால் போதும், கணக்குப் பிரிவுக்காரர் எழுதியதை வாசல் காவலர் படிக்கும்படி ஆகிவிடும். அளவுகோல் வைத்துக்கொள் என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. அவளே கண்டுபிடித்துக்கொண்டது.

அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனி அது. கீழே இயந்திரங்கள், மேலே அலுவலகம். ஆண்டு தொடக்கத்தில் ஒவ்வொருவரும் தம் இலக்குகளை மென்பொருளில் எழுதவேண்டும். வேலை இலக்கு ஒன்று: கழிவைக் குறைப்பேன், சரக்கை நேரத்துக்கு அனுப்புவேன். சொந்த இலக்கு ஒன்று: என்னை நான் இப்படி மேம்படுத்திக்கொள்வேன். எழுதியதை யார் யார் பார்க்கலாம் என்று அமைத்துக்கொடுப்பது அவள் பொறுப்பு.

அமைத்தால் மட்டும் போதாது, சரிபார்க்கவும் வேண்டும். அதற்கு மென்பொருளில் ஒரு வழி இருந்தது. ஓர் ஊழியரின் பெயரைத் தேர்ந்தெடுத்தால், அவர் உள்ளே வந்தால் என்ன தெரியுமோ அதையே திரை காட்டும். அப்படிக் காலையில் ஓட்டுநராகவும், மதியம் கணக்கராகவும், சாயங்காலம் காவலராகவும் அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். யாருக்கு வேறு வேலை தேடும் எண்ணம், யாருக்கு மேலதிகாரியைக் கண்டால் உதறல், எல்லாம் கண்ணில் படும். பட்டதை அந்த அறையிலேயே விட்டுவிட்டு வரவேண்டும் என்பது அவள் தனக்குப் போட்டுக்கொண்ட கட்டளை. அதனாலேயே கேண்டீனில் மற்றவர்களோடு உட்காருவதை நிறுத்தினாள். பேச்சுவாக்கில் வாயிலிருந்து ஏதாவது நழுவிவிட்டால்? தன் அறையில், திரையை அணைத்துவிட்டு, அதற்கு முன்னாலேயே டப்பாவைத் திறந்து சாப்பிடுவாள். நேரில் எல்லோரும் 'மேடம்' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'பூட்டு'.

வியாழக்கிழமை புது ஜி.எம். கூப்பிட்டார். வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. எதையும் நின்றுகொண்டே பேசுகிற சுறுசுறுப்பான மனிதர்.

"மேடம், திங்கட்கிழமையிலிருந்து எல்லாருடைய இலக்கையும் எல்லாரும் பார்க்கலாம். ஹால்ல ஒரு பெரிய ஸ்க்ரீன்ல ஓடட்டும். ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் உழைப்பாங்க."

"சொந்த இலக்குமா சார்? மேலதிகாரி மட்டும்தான் பார்ப்பார்னு சொல்லித்தான் எழுத வச்சோம்."

"மறைக்கிற மாதிரி அதுல என்ன எழுதியிருக்கப் போறாங்க?"

அவளுக்குத் தெரியும். கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர்காரர் எழுதிய வரி அப்படியே கண்முன் வந்து நின்றது: 'மாதக் கூட்டத்தில் என் சரக்குக் கணக்கை நானே, திக்காமல் சொல்லி முடிக்க வேண்டும்.' இத்தனை வருடமாக அந்தக் கணக்கை அவருக்காக வேறு யாரோதான் வாசிக்கிறார்கள். லாரியில் பெட்டி ஏற்றுகிற பையன்கள் அவர் மாதிரியே பேசிக்காட்டிச் சிரிப்பதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். அந்த வரி பெரிய திரையில் ஓடினால் அவர் மறுபடி வாயைத் திறக்கவே மாட்டார்.

"தெரியல சார்," என்றாள்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி. சொந்த இலக்கு வேணாம்னா அவங்கவங்க மூடிக்கட்டும். மெயில் போட்டுடுங்க. மூடாததெல்லாம் திறந்துடும்."

மெயில் போட்டாள். வெள்ளிக்கிழமை காலை பார்த்தால் மேல்மாடிக்காரர்கள் மட்டும் திறந்து படித்திருந்தார்கள். கீழே மூலையில் பொதுவாக ஒரே ஒரு கணினி. சம்பளச் சீட்டு பார்க்கத் தவிர அதன் பக்கம் யாரும் போவதில்லை.

ஸ்டோர்காரரின் வரியை அவளே மூடிவிடலாம். ஒரு டிக் போதும். மௌஸ் அந்தக் கட்டம்வரை போய் நின்றது. பிறகு கையை எடுத்துக்கொண்டாள். கேட்காமல் திறப்பது எப்படித் தப்போ, கேட்காமல் மூடுவதும் அப்படித்தான். அவரிடம் போய்ச் சொல்லலாமென்றால், 'எனக்கு மட்டும் ஏன் வந்து சொல்றாங்க' என்று அவருக்குப் புரிந்துபோகும். அவள் படித்திருக்கிறாள் என்பதும் புரியும்.

ஒரே வழிதான் இருந்தது. ஒருவர் விடாமல் எல்லோரிடமும் போய்ச் சொல்வது.

அன்று மத்தியானம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். பேக்கிங் பிரிவில் கைகள் அப்படியே நின்றன.

"ஏய், பூட்டு வெளிய வந்திருக்கு," என்று யாரோ கிசுகிசுத்தது பேக்கிங் சூப்பர்வைசர் அம்மாளின் காதிலும் விழுந்துவிட்டது. "கழுதை, வாயை மூடு. மேடம், அது ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க."

"பரவால்ல. எனக்கு ரொம்ப நாளாவே தெரியும்."

சிரிப்பு கிளம்பியது. விஷயத்தைச் சொன்னாள். சூப்பர்வைசர் இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்.

"என்னுது உடம்பைக் குறைக்கணும்னு எழுதினேன். குறையலன்னு பார்த்தாலே தெரியுது, அதைப் பூட்டி வச்சு என்ன பண்ண? திறந்தே கிடக்கட்டும்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆமா மேடம், நாங்க எழுதினதெல்லாம் நீங்க படிப்பீங்களா?"

"சரியா மறைஞ்சிருக்கான்னு பார்ப்பேன்."

"பார்த்தா படிக்கிறதுதானே?"

அவள் லேப்டாப்பைத் திறந்து மேசைமேல் வைத்தாள். சிரிப்பு அடங்கிவிட்டது. ஒவ்வொருவராக வந்து திறப்பதையோ மூடுவதையோ செய்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் வேலைக்குத் திரும்பினார்கள். ஒருத்தி மட்டும் "தேங்க்ஸ் மேடம்" என்றாள், அதுவும் லேப்டாப்பைப் பார்த்து.

அச்சுப் பிரிவு, வெட்டும் பிரிவு, ஓட்டுநர்கள் எல்லாம் முடிந்து கிடங்குக்கு வந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. ஸ்டோர்காரர் பசை டின்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். ஐம்பதை நெருங்குகிற, பருத்த மனிதர். ஸ்டூலைத் துடைத்து அவள் பக்கம் தள்ளினார். மற்றவர்களிடம் சொன்னதையே வார்த்தை மாறாமல் சொல்லி, லேப்டாப்பை அவரிடம் கொடுத்துவிட்டு, அலமாரிப் பக்கம் திரும்பி நின்று டின்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தட்டும் சத்தத்துக்குப் பதிலாகப் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"எ... எல்லார்கிட்டயும் போ... போனீங்களா?"

"எல்லார்கிட்டயும்."

"கா... கால் வலிக்கும்."

அவளிடம் யாரும் இப்படிச் சொல்லி நாளாகிவிட்டது.

"உ... உங்களுது? மூ... மூடிட்டீங்களா?"

"மூடிட்டேன். மூடாம இருந்தப்பவும் ஒண்ணுதான். என் மேலதிகாரி ரிட்டயர் ஆனப்புறம் அந்த இடத்துக்கு யாரும் வரல. மேலதிகாரி பார்க்கலாம்னு இருக்கு, ஆனா மேலதிகாரி இல்ல. யாரும் பார்க்கிறதில்ல."

"அ... அப்ப எ... எழுதி என்ன பி... பிரயோஜனம்?"

அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார். பதிலுக்குக் காத்துக்கொண்டும் இருந்தார். அவள் தோளைக் குலுக்கினாள். பின்னால் இரண்டு மூன்று தட்டல்கள் கேட்டன. லேப்டாப் மூடியபடி அவள் கைக்கு வந்தது.

மேலே போக லிஃப்ட்டில் ஏறினாள். அச்சுப் பிரிவுப் பெண்கள் இரண்டு பேர் உள்ளே இருந்தார்கள். அவள் நுழைந்ததும் பேச்சு நின்றது. 'இன்னிக்கு வெயில் ஜாஸ்தி இல்ல?' என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் கதவு திறந்துவிட்டது.

வீட்டில் அக்கா போன் செய்தாள். "ஆபீஸ்ல என்னடி விசேஷம்?"

"ஒண்ணுமில்லக்கா."

"உன்கிட்ட பேசறதுக்குச் சுவத்துகிட்ட பேசலாம். சுவராவது எதிரொலிக்கும். நாள் பூரா என்னதான் பண்றே?"

"யாருக்கு எது தெரியணும்னு பார்க்கிறேன்."

"எனக்கு ஏதாவது தெரியணும்னு இருந்தா சொல்லு," என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். இவள் கேஸ் அடுப்பில் ஒருவருக்கான அளவு அரிசியை ஏற்றிவிட்டு, அது கொதிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

சனிக்கிழமை காலை, திங்கட்கிழமைக்கான அமைப்பின் கடைசிச் சரிபார்ப்பு. திரையில் அளவுகோல் ஏறியது. வாசல் காவலராகப் பார்த்தாள். சூப்பர்வைசரின் உடம்பு குறையும் கதை தெரிந்தது. ஸ்டோர்காரரின் வரி தெரியவில்லை. ஓட்டுநராகப் பார்த்தாள். தெரியவில்லை. பெட்டி ஏற்றும் பையன்களாக, கணக்கராக, ஜி.எம்.மாகவும் பார்த்தாள். எங்கேயும் தெரியவில்லை.

பட்டியலின் கடைசி வரி அவள் பெயர். நிர்வாகியாக அல்ல, சாதாரண ஊழியராக. எல்லோரையும் பார்க்கிறவளுக்குத் தன் கண்ணால் பார்க்க என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் தாண்டிப் போய்விடுகிற வரி அது. இந்த முறை நின்றாள். ஸ்டோர்காரர் கேட்ட கேள்வி நிறுத்தியது. தேர்ந்தெடுத்தாள்.

அவளுடைய சொந்த இலக்கு வந்தது. யாராவது படிக்கிறார்களா என்று பார்க்க ஒரு வருடம் எழுதி, பிறகு மாற்றாமலே விட்டது: 'லிஃப்ட்டில் யாராவது இருந்தால் நானே முதலில் பேச வேண்டும்.' பக்கத்தில் 'ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது.'

அதற்குக் கீழே, யாராவது தம் இலக்கில் அவள் பெயரைச் சேர்த்தால் அது வந்து நிற்கிற 'உங்களோடு பகிர்ந்தவை' என்ற இடம். தன் இலக்கை எழுதிய நாளில் அவள் பார்த்தபோது அது காலியாக இருந்தது. இன்று அங்கே ஒரு வரி இருந்தது. ஸ்டோர்காரரின் வரி. மேலதிகாரி, அவள், இரண்டு பேர் மட்டும் பார்க்கலாம்.

ஏற்கெனவே படித்த வரிதான். ஆனாலும் முதல்முறை படிப்பதுபோல மெதுவாகப் படித்தாள். அதுவரை அவள் பார்த்ததெல்லாம் அடுத்தவர் கண்ணால். இது அவளிடம் கொடுக்கப்பட்டது.

அளவுகோலை மேசைமேல் வைத்தாள். தன் இலக்கின் 'யார் யார் பார்க்கலாம்' கட்டத்தைத் திறந்து ஸ்டோர்காரரின் பெயரைச் சேர்த்தாள். சேமித்தாள். பிறகு அவர் கண்ணால் ஒருமுறை போய்ப் பார்த்தாள். தெரிந்தது.

அமைப்புப் பட்டியலை அச்செடுத்துக் கையெழுத்திட்டு ஜி.எம். அறைக்குக் கொண்டுபோனாள். அவர் வழக்கம்போல நின்றுகொண்டிருந்தார்.

"முடிஞ்சுதா மேடம்? எல்லார் கண்ணாலயும் பார்த்துட்டீங்களா?"

"பார்த்துட்டேன் சார். இந்தத் தடவை என் கண்ணாலயும்," என்று சொல்லி, தாள்களை அவர் கையில் கொடுத்தாள்.