வீட்டுக்கு ஒரு ஆள்

பரிமளத்தின் இடக்கை ஒரு குழந்தைக்குக் கால் கழுவிக்கொண்டிருந்தது. வலக்கை இன்னொன்றின் வாயில் பிசைந்த சோற்றை வைத்துக்கொண்டிருந்தது. தொலைபேசி தோளுக்கும் காதுக்கும் நடுவே சிக்கிக் கிடந்தது. அதில் பேசியவர் மாவட்டச் சாரணர் ஆணையாளர் கஜேந்திரன்.

ஹாலிஎலைக்கு மேலே உள்ள தோட்டத்தில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காமராவைப் பார்த்துக்கொள்பவள் பரிமளம். முதலுதவி படித்தவள் என்பதால், தோட்டப் பள்ளியின் சாரணர் ஆசிரியர் மாற்றலாகிப் போனபோது அந்தக் குழுவும் அவள் தலையில் விழுந்தது. மற்ற நாளெல்லாம் அவள் ஆயா. காக்கி உடுத்தினால் மேடம். பெரிய வகுப்புப் பிள்ளைகள் விறைத்து நின்று சல்யூட் அடிப்பார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. யாரிடமும் சொன்னதில்லை.

சனிக்கிழமை பார்வையிட வருவதாகவும், எட்டுப் பேராவது அணியில் நிற்காவிட்டால் குழுவைக் கலைத்துவிட வேண்டியதுதான் என்றும் கஜேந்திரன் சொன்னார். பெயருக்கு எட்டுப் பேர் இருந்தார்கள். வந்து நிற்பவர்கள் இரண்டு பேர். மற்றவர்களுக்கு டியூஷன், கோயில் மேளம், கரப்பந்து, தம்பிக்குக் காய்ச்சல்.

அன்று மாலையே பரிமளம் அந்த எட்டு வீடுகளையும் தேடி, தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கினாள். "சனிக்கிழம காலையில சாரணர் வேல இருக்கு. வீட்டுக்கு ஒரு ஆள் கட்டாயம் வந்துறணும்" என்றாள். சாவு வீடானாலும் திருவிழாவானாலும் தோட்டத்தில் அப்படித்தான் ஆள் கேட்பார்கள். அப்படிக் கேட்டால் எந்த வீடும் மறுக்காது.

எந்த வீடும் மறுக்கவில்லை. சனிக்கிழமை மைதானத்துக்குச் சரியாக எட்டுப் பேர் வந்தார்கள். அதில் ஒருவருக்குக்கூட முப்பது வயதுக்குக் குறைவில்லை.

முதலில் நின்றவர் இராமையா. பேரனின் ஸ்கார்ஃப் கழுத்தில், மண்வெட்டி தோளில். அடுத்து விஜயலெட்சுமி, மகள் மதுஷாவின் தொப்பியோடு. கடைசியில் நின்ற இராக்கம்மா ஒரு கட்டு விறகைக் கீழே போட்டுவிட்டு, செத்தது யார் என்று மெதுவாக விசாரித்தாள்.

பரிமளம் வாய் திறப்பதற்குள் ஆணையாளரின் வாகனம் வந்துவிட்டது. வேறு வழி தெரியாமல் "அணி, கவனம்" என்றாள். எட்டுப் பேரும் விறைத்து நின்றார்கள். இராமையா மண்வெட்டியைத் துப்பாக்கிபோல நிமிர்த்திப் பிடித்தார்.

கஜேந்திரன் சிரிக்கவில்லை. அணியின் முன்னால் நடந்துவந்து இராமையாவிடம் நின்றார்.

"பெரியவரே, நீங்க ஏன் வந்தீங்க?"

"வீட்டுக்கு ஒரு ஆள்னு சொன்னாங்க. பேரன் கணக்குக் கிளாசுக்குப் போயிட்டான். வீட்டுல சும்மா இருக்கறது நான் ஒருத்தன்தாங்க."

"சாரணன்னா மூத்தவங்களுக்குக் கீழ்ப்படியணும். தெரியுமா?"

இராமையா யோசித்தார். "எனக்கு மூத்தவன் இந்தத் தோட்டத்துல யாரும் உசுரோட இல்லீங்களே. யாருக்குக் கீழ்ப்படியறது?"

கஜேந்திரன் பரிமளத்தைத் தனியே அழைத்தார். பெரியவர்களைக் கணக்கில் எடுக்க முடியாது என்றார். நாளை மத்தியானம் வரை பதுளையில்தான் இருப்பேன், அதற்குள் எட்டுப் பிள்ளைகளை ஒரே இடத்தில் காட்டினால் போதும் என்றார்.

அவர் போனதும் பரிமளம் ஒவ்வொரு வீட்டு ஆளிடமும் பிள்ளை இப்போது எங்கே என்று கேட்டாள். வழக்கமாக வந்து நிற்கும் இருவரின் வீட்டார் உட்பட எட்டுப் பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். ஹாலிஎலையில், ரமணன் சேரின் டியூஷன் கொட்டகையில். பரீட்சை நெருங்குவதால் நாளைக்கும் அங்கேதான்.

"ஒரே எடத்துல வரிசையா உக்காந்திருக்கிற பிள்ளைங்கள நீ எதுக்கு ஆயா மலையேறச் சொல்ற?" என்றாள் விஜயலெட்சுமி.

பரிமளத்துக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அன்றிரவே கஜேந்திரனை அழைத்து, நாளை ரமணன் சேர் கொட்டகைக்கு வரச் சொன்னாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில், கொடியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஹாலிஎலைக்குப் போனாள். ரமணன் சேரிடம் இடைவேளையைக் கேட்டாள். அவர் பத்து நிமிடம் கொடுத்தார். ஆனால் உள்ளே சின்ன வகுப்புக்குப் பரீட்சை நடக்கிறது, மூச்சு விடக்கூடாது என்றார்.

ஆகவே எல்லாம் கிசுகிசுப்பில் நடந்தது. கொட்டகைக்குப் பின்னால், சைக்கிள்களுக்கு நடுவே எட்டுப் பிள்ளைகள் அணிவகுத்தார்கள். "கவனம்" என்று பரிமளம் காற்றில் சொன்னாள். மதுஷா பாதி கடித்த பணிஸ் ரொட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். கொடி ஏறியது. உறுதிமொழியை எட்டு வாய்களும் சத்தமில்லாமல் அசைத்தன. கஜேந்திரன் விரலை நீட்டி எட்டு வரை எண்ணினார். பிறகு பரிமளத்தின் காதருகே குனிந்து, இனிக் கூட்டத்தை இங்கேயே வையுங்கள் என்று முணுமுணுத்தார்.

பிள்ளைகள் சல்யூட் அடித்தார்கள். பரிமளமும் அடித்தாள். பத்து நிமிடம் முடிவதற்குள் அவர்களைக் கணக்குக்கு விரட்டினாள்.