மோர் வரும்வரை மேயர் எழுந்திருக்க மாட்டார்

ரிக் கிச்சனுக்கே வந்துவிட்டான். எங்கள் ஹோட்டல் மேனேஜர். அவன் கிச்சனுக்குள் கால் வைத்தால் யாருக்கோ வேலை போகிறது என்று அர்த்தம்.

"செல்வம், மேயர் எங்கே?"

"சின்ன ரூம்ல உக்கார வச்சிருக்கேன்."

"ரூம் காலி. அங்கே ஹால் நிறைய ஆள், வாசல்ல போலீஸ். அவரைக் கொண்டுவந்து மேடையில நிறுத்து. இல்லேன்னா உன் கிரீன் கார்டு பேப்பர்ல கையெழுத்துப் போட மாட்டேன்."

மனைவியும் மகளும் மதுரையில் அந்தக் கார்டுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், நியூஜெர்சியில் பிஸ்கட்டவே என்ற ஊருக்குப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் நான் பாங்க்வெட் கேப்டன். பெயர்தான் கேப்டன். நாற்காலி போடுவதிலிருந்து எச்சில் தட்டு எடுப்பது வரை எல்லாம் என் தலையில். பால்ரூம் ஒன்றுதான், நடுவில் சக்கரத்தில் ஓடும் மடிப்புச் சுவரை இழுத்தால் இரண்டு ஹால். அன்றைக்கு ஒரு பாதியில் பாலஸ்தீனத் தலைவர் ஒருவரின் கூட்டம். மறுபாதியில் சொக்கலிங்கம் அங்கிளின் அறுபதாம் கல்யாண விருந்து.

அந்தத் தலைவர் தன் ஊரில் ஓட்டு வாங்கி மேயரானவர். இஸ்ரேல் ராணுவம் அவரை எல்லை தாண்டிக் கொண்டுபோய் விட்டது; பிறகு ஊர் ஊராக அலைந்தார். வாஷிங்டனில் இரு தரப்பும் சமாதானம் என்று கைகுலுக்கிய பிறகு, அதில் தனக்கு நம்பிக்கை இல்லை என்று எழுதினார். இரண்டு பக்கத்துக்கும் அவர்மேல் கோபம். அதனால்தான் போலீஸ், அதனால்தான் அவரைப் பின்பக்கக் காரிடார் வழியாக அழைத்து வந்திருந்தேன்.

ரூமிலும் இல்லை, பாத்ரூமிலும் இல்லை. கடைசியில் கல்யாண ஹாலை எட்டிப் பார்த்தேன். முதல் பந்தியில், நெற்றியில் சந்தனத்தோடு, கோட்டும் டையுமாக மேயர் வத்தக்குழம்புச் சாதம் பிசைந்துகொண்டிருந்தார். அங்கிள் பக்கத்தில் நின்று நெய் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அங்கிள், இவர் யாருன்னு தெரியுமா?"

"எங்க கம்பெனியோட புது டைரக்டர்ப்பா. நானே இப்பதான் பாக்குறேன். காரிடார்ல தனியா நின்னுட்டு இருந்தார், கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டேன். என்ன சிம்பிள் பாரு."

"இவர் பாலஸ்தீனத் தலைவர் அங்கிள். பக்கத்து ஹால்ல பேச வந்தவர்."

அங்கிளின் கரண்டி அப்படியே நின்றது. மணப்பெண்ணான விசாலம் ஆன்ட்டி மட்டும் அசரவில்லை. "இருக்கட்டுமே. இலையில உக்காந்தவர எழுப்பக் கூடாது. மோர் சாப்ட்டுப் போகட்டும்."

"ஆன்ட்டி, என் கிரீன் கார்டு போயிடும்."

"நல்ல நாளும் அதுவுமா ஒருத்தர பாதிச் சாப்பாட்டுல எழுப்பச் சொல்றியா? உங்கம்மாவா இருந்தா எழுப்புவாங்களா?"

அம்மா எழுப்ப மாட்டார். என்ன பேச்சு என்று மேயர் கேட்டார்; இங்கிலீஷில் சொன்னேன். "அப்படியானால் நான் எப்படி எழுந்திருப்பேன்? எங்கள் ஊரிலும் இதேதான்" என்று இன்னும் வசதியாக உட்கார்ந்துகொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பக்கத்து இலையில் தஞ்சாவூர்க்காரர், ரிட்டயர்ட் பொதுப்பணித்துறை இன்ஜினியர். அவர் கேட்டார்: "சார், உங்க ஊர்ல தண்ணி எப்படி?"

மேயர் முகம் மலர்ந்துவிட்டது. "அமெரிக்காவில் இதை யாருமே கேட்கவில்லை. ஒரு கிணறு தோண்ட ராணுவத்திடம் பெர்மிட் கேட்டேன். மலை எங்களுடையது, மழை எங்களுடையது, பெர்மிட் மட்டும் அவர்களுடையது. தண்ணீர் யார் கையிலோ ஊரும் அவர்கள் கையில்."

"எங்க காவேரி கதையேதான் சார்" என்று இன்ஜினியர் சாம்பார் சாதத்தால் இலையில் மேட்டூர் அணையைக் கட்டினார். மேயர் அப்பளத்தை உடைத்து அதற்கு மேலே தன் ஊரை வைத்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் கைதட்டிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். வாக்கிடாக்கியில் ரிக் கத்துகிறான். ஆளை எழுப்ப முடியாது, தனியாகத் திரும்பவும் முடியாது. சாவியைப் போட்டு மடிப்புச் சுவரைத் தள்ளித் திறந்துவிட்டேன்.

அந்தப் பக்கம் மாணவர்கள், புரொபசர்கள், பத்திரிகைக்காரர்கள், போலீஸ். இந்தப் பக்கம் பட்டுப்புடவைகள். நடுவில் மேயர் பாயசத்தை இலையிலிருந்து வழித்துக்கொண்டிருந்தார். நிஜ டைரக்டர் அந்தப் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்து, சொக்கலிங்கம் எப்போது மேடையேறுவார் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

மைக்கை மேயரின் இலையோரம் வைத்தேன். உட்கார்ந்தபடியே பேசினார். பேச்சில் பாதி மேட்டூர். ஒரு மாணவி எழுந்து, கைகுலுக்கிய பிறகும் ஏன் சமாதானத்தை நம்பவில்லை என்று கேட்டாள்.

"இந்தச் சாப்பாட்டில் கடைசியில்தான் மோர் வருமாம். அதுவரை யாரும் எழுந்திருக்கக் கூடாதாம். அங்கே நிலம், தண்ணீர், அகதிகள் வீடு திரும்புவது, ஒன்றும் இலைக்கு வரவில்லை. அதற்குள் எழுந்து கைகுலுக்கிவிட்டார்கள்."

ஹாலே எழுதிக்கொண்டது. ஆன்ட்டி அந்தப் பக்கம் போய், நின்றவர்களையெல்லாம் அடுத்த பந்திக்கு உட்காரச் சொன்னார். போலீஸ்காரர் ஒருவர் இரண்டாம் முறை வடை கேட்டார். புரொபசர் ஒருவர் ரிக்கின் கையைப் பிடித்து, இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததே இல்லை என்றார். "என் ஐடியாதான்" என்றான் ரிக், கண்ணை மூடித் திறப்பதற்குள். அடுத்த வாரம் என் பேப்பரில் கையெழுத்தும் போட்டான்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான்: மேடை காத்திருக்கும், மைக் காத்திருக்கும். சாப்பிடுகிற ஆளை எழுப்பாதே; வேண்டுமானால் சுவரைத் திற.

அன்று மோர் வந்தது. மேயர் உள்ளங்கையில் வாங்கிக் குடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "இந்த அம்மாவிடம் சொல். என் ஊரில் என்னை எழுப்பினார்கள். பிறகு போன ஊரிலெல்லாம் எழுப்பினார்கள். எழுப்பக் கூடாது என்று எனக்காகச் சண்டை போட்டவர் இவர் ஒருவர்தான்."

ஆன்ட்டியிடம் அப்படியே சொன்னேன்.

"அதுக்கென்ன" என்றார் ஆன்ட்டி. "இன்னும் கொஞ்சம் மோர் வேணுமான்னு கேளு."