எங்கள் விமானத்தில் மாட்டிய போலி கனெக்டர்

அந்த மனிதர் பொய் சொன்னார். தெரியாமல் சொல்லவில்லை, தெரிந்தே சொன்னார். அந்தப் பொய்யால் என் அண்ணன் செத்திருப்பார். பெயர் போட மாட்டேன். படித்தால் அவருக்கே தெரியும்.

போன வருடம் ஆடி மாதம், பெரும்பாக்கத்தில் எங்கள் ஷெட்டில் நடந்தது இது. அங்கே அண்ணன் இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். சிரிக்காதீர்கள். பாகம் பாகமாக வரவழைத்து, அனுமதிக்கு எழுதிப் போட்டுவிட்டுச் சொந்தமாக விமானம் கட்டுகிறவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். கொஞ்சம் பேர்தான். பாதிப் பேர் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள். எனக்குக் கிழக்குத் தாம்பரத்தில் எலெக்ட்ரிக்கல் கடை என்பதால் வயரிங் முழுக்க என் பொறுப்பு.

விமானத்தில் ஒயரை முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போக முடியாது. கழற்றி மாட்ட நடுவில் கனெக்டர் வேண்டும். எஞ்சின் அதிர்வில் அது விட்டுப்போகக் கூடாது, சூடாகக் கூடாது, தீப்பற்றவும் கூடாது. முறையான டீலரிடம் கேட்டால் மாதக்கணக்கில் காத்திருக்கச் சொன்னார்கள். குழுவில் கேட்டேன். குழுவின் அட்மின் நாவலூரில் இருக்கிறார், ஐ.டி.யில் பெரிய பதவி, சொந்த விமானம் கட்டிப் பறந்துகொண்டிருப்பவர். அவர் உடனே ஓர் ஆன்லைன் கடையின் லிங்க்கை அனுப்பினார்.

"இதையேதான் என் மெஷின்ல போட்டிருக்கேன். சூப்பரா இருக்கு. கண்ணை மூடிட்டு வாங்குங்க மேடம்."

எங்கள் கூட்டத்தில் எந்தச் சான்றிதழையும் விட இந்தப் பேச்சுக்கு மதிப்பு அதிகம். தன் உயிரை வைத்து ஒருவர் சோதித்த பொருள் என்று அர்த்தம். வாங்கிவிட்டேன். கடைக்கு வரும் சரக்கில் சந்தேகம் வந்தால் கனெக்டருக்குள் இருக்கும் உலோகப் பின்னில் காந்தம் வைத்துப் பார்ப்பேன். செம்பு, பித்தளை என்றால் ஒட்டாது, இரும்புக்கு முலாம் பூசியிருந்தால் ஒட்டிக்கொள்ளும். அவர் சொன்ன பிறகு எனக்குச் சந்தேகமே வரவில்லை.

விமானத்தின் வாலை ஒரு லாரியோடு சங்கிலியால் கட்டி, தரையிலேயே எஞ்சினை ஓட்டிப் பார்த்தோம். அண்ணன் உள்ளே. நான் தீயணைக்கும் சிலிண்டரோடு வெளியே. எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே மீட்டர் பலகைக்கு அடியிலிருந்து புகை வந்தது.

"இன்னாடி நாறுது?"

"எல்லாத்தையும் ஆஃப் பண்ணு! இறங்குண்ணா, இறங்கு!"

எஞ்சினை அணைத்துவிட்டார். பதற்றத்தில் பெல்ட்டைத்தான் கழற்ற முடியவில்லை. நான் உள்ளே கையை விட்டு அவிழ்த்து, சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டேன். மண்ணில் உட்கார்ந்து இருமிக்கொண்டே, "மேல இருந்திருந்தா எங்கடி இறங்கியிருப்பேன்?" என்றார். கிண்டலாகத்தான் கேட்டார். இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

ஆறிய பிறகு கழற்றிப் பார்த்தேன். எரிபொருள் பம்புக்குப் போகும் கனெக்டர் மெழுகு மாதிரி உருகியிருந்தது. மிச்சமிருந்த புது பின்னில் காந்தத்தை வைத்தேன். டக்கென்று ஒட்டியது. உள்ளே இரும்பு, அதிகக் கரண்ட் ஓடினால் சூடேறிவிடும்.

முதலில் வந்தது கோபம் இல்லை. அந்த மனிதருக்காகப் பயந்தேன். உடனே போன் செய்தேன்.

"சார், அந்த கனெக்டரை உங்க மெஷின்லேர்ந்து உடனே கழட்டுங்க. அதோட பறக்காதீங்க."



"இல்ல மேடம்... அதை நான் இன்னும் ஃபிட் பண்ணலை. கவர்லயே இருக்கு."

"போட்டிருக்கேன்னு சொன்னீங்களே?"

"போடலாம்னுதான் வாங்கினேன். பழசே நல்லா ஓடுதேன்னு விட்டுட்டேன். க்ரூப்ல போட்டுப் பெருசாக்காதீங்க, ப்ளீஸ்."

உருகிய கனெக்டரின் படத்தைக் குழுவில் போட்டேன். அவர் அதை நீக்கினார், என்னையும் நீக்கினார். அந்த லிங்க் மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறதாம். தெரிந்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தேன். ஒருவர் சொன்னார்: "அவரே போட்டிருக்காரே மேடம். உங்க வயரிங்ல ஏதாவது மிஸ்டேக் இருக்கும்." அப்படிச் சொன்னவரின் விமானத்தில் அந்தக் கனெக்டர் இன்னும் இருக்கிறது.

இதை ஏமாற்று வேலை என்று மட்டும் சொல்லிவிட என்னால் முடியவில்லை. அவர் அதில் ஒரு பைசா சம்பாதிக்கவில்லை. விவரம் தெரிந்தவர் என்று நாலு பேர் நினைக்க வேண்டும், அதற்காக ஒரு வார்த்தையைக் கூட்டிச் சொன்னார். எத்தனை பேர் தினமும் அப்படிச் சொல்கிறோம்! இப்போது கடையில் யாராவது "இது நல்லா உழைக்குமாக்கா?" என்று கேட்டால், எனக்குத் தெரியாததைத் தெரியாது என்றே சொல்கிறேன். வியாபாரம் போனால் போகட்டும்.

சார், எனக்குத் தனியாக மன்னிப்பு எதுவும் அனுப்ப வேண்டாம். உங்கள் பேச்சை நம்பி அதை மாட்டியவர்களில் யாராவது ஒருவர் நாளைக்கே பறக்கக் கிளம்பலாம். நீங்கள் அதைப் போடவே இல்லை என்று, அதே குழுவில், அத்தனை பேரும் படிக்கும்படி எழுதுங்கள். எப்போது எழுதப்போகிறீர்கள்?