வேலி தாண்டிய பலாமரம்

கடவுள் கொடுத்த மூளையை நான் அதிகம் செலவழிப்பதில்லை. தேய்ந்துவிடும் என்ற பயம். அலுவிகாரையில் காணி வாங்கிய அன்று, காணியைப் படமெடுக்கிறேன் என்று போனின் முன்பக்கக் கேமராவில் என் முகத்தைத்தான் எடுத்தேன். காதுக்குப் பின்னால் கொஞ்சம் வேலி, ஒரு பலாமரம்.

கண்டியில் வேலை. இரண்டு வருடம் கழித்துக் குடியேற வந்து, ரோட்டோரம் அதே இடத்தில் நின்று படத்தையும் காணியையும் ஒப்பிட்டேன். படத்தில் பலா வேலிக்கு இடப்பக்கம், அதாவது என் பக்கம். நேரில் வலப்பக்கம், பக்கத்துக் காணிக்காரர் பக்கம்! வேலியை நகர்த்தி மரத்தை அமுக்கிவிட்டார் மனுஷன்.

நானா, அதாவது அண்ணன், என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அன்றிலிருந்து அவர் சிரித்தால் சந்தேகம், சிரிக்காவிட்டால் இன்னும் சந்தேகம். பாதிப் பலாப்பழம் கொடுத்தனுப்பினார். என் மரத்துப் பழத்தையே எனக்கு லஞ்சமாகவா? (தின்றது வேறு விஷயம்.) காணி உறுதிப் பத்திரத்தோடு வந்த பிளானை விரித்துப் பார்த்திருக்கலாம். படமே இருக்கும்போது பிளான் எதற்கு?

படத்தைப் பெரிதாக்கி, லேமினேட் செய்து, மத்தியஸ்த சபையில் போய் நின்றேன்.

"பத்து வருச மிளகுக் கொடி ஏறி நிக்கிற உயிர்வேலி தம்பி. அத எப்படிப் புடுங்கி நடுறது? பள்ளிவாசல்ல கூட என்னைய ஒரு மாதிரி பாக்குறாங்க" என்றார் அவர். குரல் தழுதழுத்தது. நல்ல நடிகர் என்று நினைத்துக்கொண்டேன்.

"வாய் பொய் சொல்லும் நானா, போட்டோ சொல்லாது."

மத்தியஸ்தர்களில் ஒருவரான அம்மையார் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அணிந்திருந்ததும் படத்திலிருந்த அதே சட்டைதான், ராசியான சட்டை.

"ஒங்க சட்டைப் பை எந்தப் பக்கங்க?"

"இடப்பக்கம்."

"படத்துல ஒங்க வலப்பக்க நெஞ்சுல இருக்கே. சட்டையையும் இவருதான் பிரிச்சுத் தச்சாரா?"

சபையே சிரித்தது. முகம் பார்க்கும் கண்ணாடியைப் போல என் போன் எல்லாவற்றையும் இடம் வலமாகத் திருப்பி வைத்திருந்தது. வேலி அசையவில்லை. பலா எப்போதுமே அவருடையதுதான். அவர் மட்டும் சிரிக்கவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார்.

மறுநாள் ஒரு பெட்டி மஸ்கட் அல்வாவோடு வேலியோரம் போனேன். மிளகுக் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னும் கோவமா இருக்கீங்களா நானா?"

"போட்டோ எடுத்துப் பாருங்க."