தம்பியைக் கூட்டிக்கொண்டு போன கதை

கதை சொன்னால் மனம் ஆறும் என்று யாராவது சொன்னால் நான் மறுத்துப் பேசுவதில்லை. ஆறும்தான். என் மனம் ஆறியது. அதற்கு அம்மா எதை விட்டுக்கொடுத்தாள் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் எங்கள் லயம். ஒரு வாரமாக விடாமல் மழை பெய்ததில், ஒரு சாயங்காலம் மலை சரிந்து எங்கள் வரிசை வீடுகளை வாரிக்கொண்டு போனது. அம்மா காய்ச்சலில் டவுன் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வீட்டில் அப்பா வேலை முடிந்து வந்து அசந்து தூங்கினார். கூடவே நாலு வயதுத் தம்பி. நான் மேல் லயத்தில் அப்பாவின் தங்கையான அத்தை வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை வீட்டுச் சுவரும் இடிந்து அவள் காலில் விழுந்தது. அவளைக் கோட்டயத்துக்குக் கொண்டுபோனார்கள். எனக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான்.

"தம்பியத் தனியா விட்டுட்டு எங்கயும் போயிராத" என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அம்மா சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள்.

மிஞ்சியவர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ஓடிவந்த அம்மாவுக்கும் எனக்கும் ஏழாம் வகுப்பில் ஒரு மூலை கிடைத்தது. ஊர் உலகத்திலிருந்தெல்லாம் மூட்டை மூட்டையாகப் பழைய துணி வந்து இறங்கியது. என் பங்குக்கு ஜரிகை வைத்த பிறந்தநாள் கவுன் ஒன்று வந்தது. மறுநாள் அப்பாவை எங்கள் வீடு இருந்த இடத்தில் தோண்டி எடுத்தார்கள். அவரைப் புதைக்கும்போது நான் அந்தக் கவுனைத்தான் போட்டிருந்தேன். தம்பி மட்டும் கிடைக்கவில்லை.

பிள்ளைகளின் பயத்தைப் போக்க ஒரு கவுன்சிலிங் டீச்சர் வந்தாள். மலைக்குக் கீழேயிருந்து வந்த மலையாளப் பெண், சின்ன வயது, நல்லவள். இன்றைக்கும் அவளை நான் குறை சொல்ல மாட்டேன். எங்களை வட்டமாக உட்கார வைத்து, நடந்ததைக் கதையாகச் சொல்லச் சொன்னாள். 'நான்' என்று சொல்ல வேண்டாம், 'ஒரு பொண்ணு', 'ஒரு பையன்' என்று சொன்னால் போதும். பிடிக்காத இடம் வந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

"இங்கே தப்பான கதையே கிடையாது, மோளே" என்றாள்.

ஒருத்தன் தன் வீட்டைப் படகாக்கி ஆற்றில் விட்டான். ஒருத்தி பாறையைக் கையால் தடுத்து நிறுத்தினாள். மூன்றாம் நாள் என் முறை வந்தது. ஒரு பொண்ணு அத்தை வீட்டுக்குப் போகிறாள். தம்பியையும் கூட்டிக்கொண்டு, ஒரே குடையில், குறுக்குப் பாதையில் ஏறுகிறாள். பாதி வழியில் மண் நகர்கிறது. அவள் அவன் கையை விடவே இல்லை, மண்தான் பிடுங்கிக்கொள்கிறது. அவனை உயிரோடு கரையேற்ற எனக்கும் ஆசைதான். ஏற்றிவிட்டால் அவன் எங்கே என்று கேட்பார்களே.

"மிடுக்கி", கெட்டிக்காரி என்று டீச்சர் என்னைக் கட்டிக்கொண்டாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியதுபோல இருந்தது.

திரும்பினால் வாசலில் அம்மா.

"நெசமாவாடி? அவனக் கூட்டிட்டா போன?"

"ஆமாம்மா."

அந்த 'ஆமாம்மா' கதையில் சேர்ந்ததில்லை. அது எனக்கே தெரிந்திருந்தது.

அம்மா ஓடினாள். தேடுகிறவர்களோடு மண்வெட்டியும் கையுமாக அம்மாவின் அண்ணன், என் மாமா, நின்றிருந்தார். வீடு இருந்த இடத்தில் தோண்டிக்கொண்டிருந்த ஜேசிபியை அவர் குறுக்குப் பாதைக்குத் திருப்பச் சொன்னார். இரண்டு நாள் அங்கே தோண்டினார்கள். தேயிலைச் செடியும் தண்ணீர்க் குழாயும் ஒரு நாயும் கிடைத்தன. மூன்றாம் நாள் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. தேடுவதை நிறுத்துவதாக அதிகாரிகள் வந்து சொன்னார்கள். அம்மா ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. எல்லாருக்கும் அது ஆச்சரியமாக இருந்தது.

டீச்சரும் கிளம்பினாள். நான் தேறிவிட்டேன் என்று அம்மாவிடம் சந்தோஷமாகச் சொல்லி, எனக்கு ஒரு கலர்ப் பென்சில் பெட்டி கொடுத்துவிட்டுப் போனாள்.

பத்து நாள் கழித்து, காலில் மாவுக்கட்டோடு அத்தை வந்தாள். அன்று கதவைத் திறந்து என்னை உள்ளே விட்டவள் அவள்தானே. அவர்கள் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து பேச, நான் கரும்பலகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"மதினி, பிள்ள அன்னைக்குத் தனியாத்தான் வந்தா. தம்பி எங்கன்னு கேட்டேன். தூங்குறான்னா."

அம்மா வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"தெரியும். குறுக்குப் பாதையில தோண்டுன ரெண்டாம் நாளு, மெசினு கீழ எறங்கையில நம்ம வீட்டுக் கதவு நெலையோட பொரண்டு வந்துச்சு. வெளிய கொண்டி போட்டுருந்துச்சு. உங்கண்ணன் உள்ள தூங்குறப்ப வேற யாரு போட்டுருப்பா? எங்கண்ணன் பாக்குமுன்ன நான்தான் கொண்டிய எடுத்துவிட்டேன்."

"அப்பவே வீட்டுப் பக்கம் தோண்டச் சொல்லியிருக்கலாமே, மதினி. பச்சப்பிள்ள அங்கனதான கெடக்கும்?"

"சொன்னா, ஏன் மாத்திச் சொல்றன்னு கேப்பாக. அடைச்சுப் போட்டுட்டுப் போனவன்னு இவள ஆயுசுக்கும் சொல்லுவாக. அவன் போயிட்டான். இவ இருக்கணும்ல. நீ யார்ட்டயும் சொல்லிராத."

கொண்டி போட்டது நான்தான். தம்பி அழுதுகொண்டே பின்னால் வந்தான். மழையில் நனைவான் என்று போட்டதாகப் பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், டிவியில் பாட்டு தொடங்க நேரமாகிவிட்டது.

அப்பாவின் குழிக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னக் குழி இருந்திருக்க வேண்டும். அம்மா உட்கார்ந்து அழ அப்படி ஓர் இடம் இல்லாமல் போனது யாருக்காக என்று அன்று எனக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியதெல்லாம், இனி அடி விழாது என்பது மட்டும்தான். அன்று மத்தியானம் கேம்பில் முட்டை போட்டார்கள். நான் கேட்டு இன்னொன்றும் வாங்கிச் சாப்பிட்டேன்.