ஏரி தெரியும் அறை

கிஸ்ஸிமி நகரில் கேளிக்கைப் பூங்காவுக்குள்ளேயே இருக்கும் பெரிய விடுதியில் வெர்லீன் பத்தொன்பது வருஷம் அறைகளைச் சுத்தம் செய்தாள். நானும் அதே மாடியில்தான் வேலை பார்த்தேன். அவளும் கணவன் டுவைட்டும் குடியிருந்ததோ வெளியே, நெடுஞ்சாலையோர மோட்டல் என்ற மலிவு விடுதியில், ஒற்றை அறையில்.

டுவைட் சதா அவளைச் சீண்டுவான். "தெனம் பதினாலு கட்டில் விரிக்கிறியே, ஒண்ணுலயாவது படுத்திருக்கியாடி?"

"படுத்தா வேலைச் சீட்டுக் கிழிஞ்சிரும்யா."

"ஒருநாள் விருந்தாளியாப் போவோம். ஈரத் துண்டெல்லாம் தரையிலயே போடுறேன், எவன் கேக்குறான்னு பாப்போம்."

ஊழியர் சலுகையில் அக்டோபரில் ஒருநாளுக்கு ஏரி தெரியும் அறை அவர்கள் பேரில் பதிவாகியிருந்தது. அதற்குள் செப்டம்பரில் டுவைட் மாரடைப்பில் போய்விட்டான். "நீயாவது போய்த் தங்கு" என்று நாங்கள்தான் அவளை வற்புறுத்தி அனுப்பினோம்.

மதியம் மூன்று மணிக்குப் பெட்டியோடு வந்தவள், ஐந்து மணிக்கே சாவியைக் கொடுத்துவிட்டுப் பேருந்து நிறுத்தத்தில் நின்றாள். வேலை முடிந்து வந்த நான் பதறிப்போய்க் கேட்டேன்.

"என்னடி, ரூம் பிடிக்கலையா?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அவரு அங்க ஒரு நாள்கூட இருந்ததில்லயே. மோட்டல்லன்னா நாற்காலி, கண்ணாடி, எதைத் தொட்டாலும் மனுஷன் இருக்காரு."

மறுநாள் காலை அந்த அறை அவள் சுத்தம் செய்ய வேண்டிய பட்டியலிலேயே இருந்தது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கேட்கவில்லை. உள்ளே போய், யாரும் படுக்காத கட்டிலின் விரிப்பை மாற்றிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.